‘தயாரிப்பாளர்’ என்னும் ஒரு சொல்

இசைத்தயாரிப்புப் படிப்பில் சேரலாமா என்று கேட்டு மாதத்துக்கு ஓரிரு கடிதங்களேனும் எனக்கு வருகின்றன. கேட்பவர்களில் பாதிப்பேர் மாணவர்கள். மீதிப்பேர் அவர்களைப் பெற்றவர்கள். மும்பைத் திரையிசைக் கூடங்களில் வாத்தியம் வாசித்தவர்களின் உழைப்பு வரலாற்றை நான் ஆய்ந்துவருவதும், இந்நகரின் தனியார் இசைப்பள்ளி ஒன்றில் மூன்றாண்டுகளாகப் பதிப்புரிமை பற்றிச் சில வகுப்புகள் எடுத்துவருவதும் அவர்களுக்கு யார் மூலமாகவோ தெரிந்திருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதிச் சலித்துவிட்டதால் பொதுவில் ஒருமுறை எழுதிவைக்கிறேன். சேரலாம், வேண்டாம் என்ற ஒற்றைச்சொல் விடையைத் தேடுவோருக்கு இது பயன்படாது. படிப்பின் பெயரிலுள்ள ஒரு சொல்லைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது. அதற்குமுன் கொஞ்சம் வரலாறு.

நம் நாட்டில் இசையை வகுப்பறைக்குள் கொண்டுவந்தவர்கள் நிகழ்த்துகலையை மட்டுமே கொண்டுவந்தார்கள். விஷ்ணு திகம்பர் பலுஸ்கர் 1901இல் லாகூரில் காந்தர்வ மகாவித்யாலயத்தைத் தொடங்கினார். பாத்கண்டேயின் முயற்சியால் 1926இல் லக்னோவில் மாரிஸ் கல்லூரி எழுந்தது. குருவின் வீட்டுத் திண்ணையிலிருந்த கல்வி பாடவேளையாகவும் தேர்வாகவும் சான்றிதழாகவும் மாறியது. அதன் நன்மை தீமைகளைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். எனக்கு வியப்பளிப்பது வேறொன்று. லாகூர்ப் பள்ளி தொடங்கிய மறு ஆண்டே, 1902இல், கிராமபோன் கம்பெனியின் பொறியாளர் பிரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவுசெய்தார். இசைக்கல்லூரியும் இசைத்தட்டும் இந்தியாவில் ஏறக்குறைய ஒரே வயதுடையவை. ஆனாலும் ஒன்று மற்றொன்றை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஒலிப்பதிவு பொறியியலாகக் கருதப்பட்டது. பின்னர் 1960இல் புனேயில் திரைப்படக் கல்லூரி வந்தபோது திரைப்படக் கலையின் கிளையாயிற்று. இசைக்கல்லூரியில் மைக் இல்லை. ஒலிப்பதிவுக் கல்லூரியில் தன்புரா இல்லை.

இந்தச் சுவரை உடைத்தது எந்தப் பல்கலைக்கழகமும் அன்று, மடிக்கணினி. மின்னணு வாத்தியங்களும் கணினியும் தமக்குள் பேசிக்கொள்வதற்கான ‘மிடி’ என்னும் பொதுமொழி 1983இல் உருவானது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒரு பதிவுக்கூடத்தின் பெரும்பகுதி மென்பொருளுக்குள் அடங்கிவிட்டது. இசையமைப்பு, வாசிப்பு, பதிவு, கலவை ஆகிய நான்கும் நான்கு ஆட்களின் வேலையாக இருந்த நிலை மாறி, ஒருவரே படுக்கையறையில் அமர்ந்து செய்யும் வேலையாயிற்று. அவ்வாறு செய்பவரை என்ன பெயரிட்டு அழைப்பது என்று கேள்வி வந்தபோது ‘மியூசிக் புரொட்யூசர்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரில் ஓராண்டு, ஈராண்டுப் படிப்புகளும் வந்தன.

என் வகுப்புக்கு இரண்டு வகை மாணவர்கள் வருகிறார்கள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் குருவிடம் பயின்று, மேடையில் பாடவோ வாசிக்கவோ தெரிந்து, மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கவேண்டும் என்பதை அறியாதவர்கள் ஒருவகை. பதினான்கு வயதிலேயே மென்பொருளைத் தானே கற்று, நூறு தடங்களை அடுக்கத் தெரிந்து, இன்னொரு மனிதரோடு சேர்ந்து ஒருமுறைகூட வாசித்திராதவர்கள் மற்றொரு வகை. முதல் மாதத்தில் இவர்கள் ஒருவரையொருவர் இளக்காரமாகப் பார்ப்பார்கள். பிறகு ஒருவர் மற்றவரிடம் சத்தமில்லாமல் உதவி கேட்கத் தொடங்குவார்கள். அந்தப் பள்ளியில் உருப்படியான கல்வி நிகழ்வது அங்கேதான் என்பது என் எண்ணம். பாடத்திட்டத்தில் அது இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு. ஹெட்போன் அணிந்து பாடிய மாணவர் ஒருவர், தன் குரலே தனக்குத் தாமதமாகக் கேட்கிறது என்று குறைப்பட்டார். கணினிக்காரர்கள் சிரித்தார்கள், தாமதம் 12 மில்லிவினாடிதான், மனிதக் காதுக்கு அது தெரியாது என்றார்கள். கணக்கு சரிதான். வினாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் பதிவில் 512 மாதிரிகளைச் சேர்த்துவைத்து அனுப்பினால் ஏறத்தாழ 12 மில்லிவினாடி பிடிக்கும். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் செல்கிறது. ஆகவே மேடையில் மூன்று மீட்டர் தள்ளி அமர்ந்திருக்கும் தபலாவின் ஒலி பாடகரை அடையவே ஏறத்தாழ 9 மில்லிவினாடி ஆகிறது. அந்தத் தாமதத்தோடு எல்லோரும் ஆயுள் முழுக்கப் பாடிக்கொண்டுதானே இருக்கிறோம் என்பது அவர்களுடைய வாதம். ஆனால் தபலாவின் ஒலி தாமதமாக வருவது வேறு, தன் குரல் தாமதமாக வருவது வேறு. பாடுபவர் தன் குரலை எலும்பின் வழியாக உடனுக்குடன் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதே குரல் ஹெட்போனில் சற்றுப் பிந்தி வந்து அதன்மேல் விழும்போது குரலின் நிறமே மாறிவிடுகிறது. மேலும், உள்ளே செல்வதற்கு ஒருமுறையும் வெளியே வருவதற்கு ஒருமுறையும் காத்திருக்க நேர்வதால் உண்மையான தாமதம் 12இல் நிற்பதுமில்லை. பாடியவரின் காது சொன்னது உண்மை. கணக்குப் போட்டவர்கள் பாதிக் கணக்கோடு நிறுத்திவிட்டார்கள். அன்று பிற்பகல் முழுதும் அமைப்பை மாற்றி மாற்றிப் பாடவைத்துப் பார்த்தார்கள். நான் வகுப்பை ரத்துசெய்துவிட்டு அவர்களோடு உட்கார்ந்திருந்தேன்.

மற்றொன்று இதைவிடத் தீவிரமானது. ஒரு மாணவர், இன்னொருவர் பாடிய தர்பாரி கானடா ஆலாபனையைச் சுருதி திருத்தும் மென்பொருளில் இட்டார். 1997இல் வெளிவந்த ஆட்டோ-டியூனும் அதன் வழிவந்தவையும் செய்வது எளிய காரியம்: குரலின் அதிர்வெண்ணைக் கண்டறிந்து, அருகிலுள்ள ‘சரியான’ சுரத்துக்கு அதை இழுத்துச்செல்வது. (அதை உருவாக்கியவர் அதற்குமுன் எண்ணெய் வளம் தேடும் தொழிலில் நில அதிர்வுச் சமிக்ஞைகளை ஆராய்ந்தவர், பூமிக்கடியில் பாறை எங்கே இருக்கிறது என்று தேடிய கணிதம் இது.) தர்பாரியின் கோமள காந்தாரமோ ஓரிடத்தில் நிற்பதே இல்லை. அது மெல்ல ஊசலாடுகிறது. அந்த ஊசலாட்டமே அந்த ராகம். மென்பொருள் அதைப் பிழையென்று எண்ணி ஆர்மோனியத்தின் கட்டைபோல் நிறுத்திவைத்தது. கேட்ட மாணவர்களில் பாதிப்பேருக்கு, ‘சுத்தமாகிவிட்டது’ என்று தோன்றியது. மீதிப்பேர் ஏதோ இறந்துவிட்டதைப்போல அமைதியானார்கள். ஒரே ஒலி, இரண்டு காதுகள். நிகழ்த்துகலையைக் கல்லாமல் தயாரிப்பை மட்டும் கற்பவருக்கு நேரும் இழப்பு என்ன என்று பெற்றோர் கேட்டால் இந்த நிகழ்ச்சியைத்தான் சொல்கிறேன். கருவியை எப்போது அணைத்துவைக்கவேண்டும் என்பதை அந்தக் கருவியின் கையேடு சொல்லித்தராது.

இனி அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

என் ஆய்வுக்காகச் சந்தித்த மூத்த வாத்தியக்காரர்கள் பலர் கோவாவைச் சேர்ந்தவர்கள்; தேவாலயப் பள்ளிகளில் மேற்கத்தியக் குறியீட்டிசை கற்று, ஜாஸ் குழுக்களில் வாசித்து, அங்கிருந்து இந்தித் திரையிசைக்கு வந்த தலைமுறையின் கடைசிக் கண்ணிகள். அத்தலைமுறையில் ஷங்கர்-ஜெய்கிஷனின் பாடல்களுக்கு வாத்திய அமைப்புச் செய்தவர் செபாஸ்டியன் டிசோஸா. பியாரேலாலுக்கு வயலின் கற்பித்தவர் ஆன்டனி கொன்சால்வெஸ். தன் ஆசிரியரின் பெயரைப் பியாரேலால் பின்னாளில் ஒரு திரைப்பாடலுக்குள் அழியாமல் வைத்தார். பெயர் தெரிந்தவர்கள் இப்படிச் சிலர். அவர்களுக்குப் பின்னால் வரிசை வரிசையாக வயலின்களும் செல்லோக்களும் ஊதுகருவிகளும் வாசித்தவர்களின் பெயர்கள் தட்டின் உறையிலும் இல்லை, திரையிலும் இல்லை. அன்றைய பதிவில் ஒருவர் பிழைசெய்தால் அத்தனைப்பேரும் மறுபடி முதலிலிருந்து வாசிக்கவேண்டும். அந்தக் கூட்டு ஒழுங்கைப் பற்றி அவர்கள் பெருமையோடு பேசுவார்கள். பணத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் விடை சுருக்கமாக வரும்: அன்றைக்கு வாசித்தோம், அன்றைக்கு வாங்கினோம். பிறகு மிடி வந்தது, அழைப்புகள் குறைந்தன, ஒருநாள் நின்றன.

சட்டம் அப்போது அவர்களைக் கண்டுகொள்ளவில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் ‘இசைப்படைப்பு’ என்றால் எழுதப்பட்டதோ அச்சிடப்பட்டதோ ஆகவேண்டும். வாய்வழி வாழ்ந்த ஒரு நாட்டின் சட்டம் இது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1994இல்தான் அந்த வரையறை மாறியது. நிகழ்த்துநருக்கென்று தனி உரிமையும் அப்போதுதான் நுழைந்தது. இடையில் 1977இல் உச்ச நீதிமன்றம், தயாரிப்பாளர் பணம் கொடுத்துத் திரைப்படத்துக்கென்று செய்வித்த இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், அவரே முதல் உரிமையாளர் என்று தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பில் நீதிபதி கிருஷ்ணய்யர் தனியே ஒரு குறிப்பு எழுதி, பாடுபவருக்குச் சட்டத்தில் இடமில்லாமற் போனதைச் சுட்டிக்காட்டினார். 2012இல் வந்த திருத்தம், வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறும் உரிமையை நிகழ்த்துநருக்கு அளித்தது. இன்று அவ்வுரிமை ஐம்பது ஆண்டு நிற்கும்.

சட்டத்தின்படி நிகழ்த்துநர் யார்? பட்டியலில் நடிகர், பாடகர், வாத்தியக்காரர், நடனக்காரர் ஆகியோரோடு கழைக்கூத்தாடி, கண்கட்டு வித்தைக்காரர், பாம்பாட்டிகூட இருக்கிறார்கள். சொற்பொழிவாற்றுபவரும் இருக்கிறார், எனவே பேராசிரியர்களும் மகிழலாம். மடிக்கணினியோடு அமர்ந்திருப்பவர் பெயர் சொல்லப்படவில்லை. ‘நேரடியாக நிகழ்த்தும் வேறு எவரும்’ என்ற பொதுச்சொல்லுக்குள் அவர் நுழைந்தாக வேண்டும். ஒரு தாளத்தை விசைப்பலகையில் விரலால் தட்டிப் பதிந்தால் அது நிகழ்த்துதல். அதே தாளத்தைத் திரையில் சுட்டியால் கட்டம் கட்டமாக வரைந்தால்? இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டால் எனக்கு அன்று வேறு பாடம் நடத்தவேண்டிய தேவை இருப்பதில்லை.

தயாரிப்பாளர் யார் என்ற கேள்விக்கோ சட்டத்தில் தெளிவான விடை உண்டு. ஒலிப்பதிவு ஒன்றை உருவாக்குவதற்கான முன்முயற்சியையும் பொறுப்பையும் ஏற்பவர் எவரோ அவரே புரொட்யூசர். அந்த ஒலிப்பதிவின் ஆசிரியராகவும் சட்டம் அவரையே கருதுகிறது. நடைமுறையில் அது நிறுவனம். இரண்டாண்டுகள் ‘மியூசிக் புரொடக்‌ஷன்’ கற்று, ‘மியூசிக் புரொட்யூசர்’ என்று அட்டை அச்சடித்துக்கொண்ட இளைஞர், ஒப்பந்தத்தில் ‘புரொட்யூசர்’ என்ற சொல்லைக் காணும்போது அது தன்னைத்தான் குறிக்கிறது என்று நம்புகிறார். அந்தச் சொல் நிறுவனத்தைக் குறிக்கிறது. இசையமைப்பாளரை வரையறுக்கும் இடத்தில் இதே சட்டம், இசையை ‘கம்போஸ்’ செய்பவர் என்ற வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறது. எழுதிவைத்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்றும் சொல்கிறது. ஆக நம் இளைஞர் சட்டத்தின் கண்ணில் புரொட்யூசர் அல்லர்; ஆனால் அவர் செய்த வேலையைப் பொறுத்து கம்போசராக இருக்கக்கூடும். அதை அவருக்கு யாரும் சொல்வதில்லை. படிப்பின் பெயரே அவர் கண்ணை மறைக்கிறது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. சென்ற ஆண்டு என் மாணவி ஒருவர் ஓர் ஒப்பந்தத்தை எடுத்துவந்தார். இந்தூரிலிருந்து வந்தவர், பன்னிரண்டு ஆண்டுகள் இந்துஸ்தானி வயலின் பயின்றவர், வங்கிக் கடனில் தயாரிப்பு படித்தவர். மேலே சொன்ன இரு வகைகளும் ஒரே உடம்பில் கூடிய அரிய பிறவி. இணையத்தொடர் ஒன்றுக்கு நான்கு இசைக்கூறுகளை அவர் செய்துதரவேண்டும்: மெட்டு அவருடையது, வயலின் அவர் வாசிப்பது, தாளமும் கலவையும் அவர் கைவேலை. ஒரு தொகை, ஒரே தவணை. எல்லா உரிமைகளும் என்றென்றைக்கும், எல்லா நாடுகளிலும், இனிமேல் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்கள் உட்பட. பெயர் இடுவதும் இடாததும் நிறுவனத்தின் விருப்பம்.

தொகையைப் பற்றிப் பேச்செடுக்கவேண்டாம், பெயரை மட்டும் கேளுங்கள் என்றேன். காரணம் இருந்தது. நிகழ்த்துநர் வரையறையின் அடியில் ஒரு விலக்கு இருக்கிறது: திரைப்படத்தில் ஒருவருடைய பங்களிப்பு தற்செயலானதாகவோ சிறுபகுதியாகவோ இருந்து, பெயர்ப்பட்டியல் உள்ளிட்ட எவ்விடத்திலும் அவர் குறிப்பிடப்படாமலும் இருந்தால், தம் நிகழ்ச்சி சிதைக்கப்படுவதை எதிர்க்கும் உரிமைக்கு அன்றி வேறெதற்கும் அவர் நிகழ்த்துநராகக் கருதப்படமாட்டார். இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறவேண்டும் என்பது உண்மை. முதன்மை வயலினைச் ‘சிறுபகுதி’ என்று யாரும் எளிதில் வாதிட்டுவிடமுடியாது என்பதும் உண்மை. ஆனால் வழக்காடும் வசதி யாரிடம் இருக்கிறது? பெயர் திரையில் இருந்துவிட்டால் அந்த வாதமே எழாது. பெயர் என்பதைப் புகழ் சார்ந்த விஷயமாக இளையவர்கள் எண்ணிக்கொள்கிறார்கள், அது ஆவணம்.

அவர் கேட்டார். நிறுவனம் மறுத்தது, ஒப்பந்தம் எல்லோருக்கும் பொதுவானது, ஒருவருக்காக மாற்றமுடியாது என்று மின்னஞ்சல் வந்தது. கையொப்பமிடுவதற்கு மூன்று நாட்கள் அவகாசம். அந்த மூன்று நாட்களும் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் எதுவும் சொல்லவில்லை. கடன் தவணை என் பெயரில் இல்லை. நான்காம் நாள், கையெழுத்துப் போட்டுவிட்டேன் சார் என்று ஒரு வரி அனுப்பினார். தொடர் வெளிவந்தது. வயலின் மிக அழகாக இருந்தது. பெயர்ப்பட்டியலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். உணவு ஏற்பாடு செய்தவர்களின் பெயர் இருந்தது. (அவர்கள் பெயர் இருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே.)

கல்கத்தாவில் பதிவான அந்தத் தொடக்ககாலத் தட்டுகளைக் கேட்டிருப்பவர்களுக்குத் தெரியும்: பாட்டு முடிந்ததும் கௌஹர் ஜான் தன் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். ஜெர்மனியின் ஹனோவரில் தட்டு அச்சிட்டவர்கள், பாடியது யாரென்று அடையாளம் காண்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று சொல்லப்படுகிறது. தொழிற்சாலையின் வசதிக்காகச் சொல்லப்பட்ட பெயர் இன்றுவரை ஒலியிலிருந்து பிரிக்கமுடியாமல் இருக்கிறது. பெயர் தட்டின் மேலே ஒட்டியதன்று, பள்ளத்துக்குள்ளேயே வெட்டியது. இப்போது கோப்புக்குள் அத்தனைத் தகவல்களையும் பதிந்துவைக்கத் தொழில்நுட்பம் இடம்தருகிறது. நிரப்புவதற்குத்தான் ஆளில்லை.

அந்த மாணவி அதன்பிறகு ஒரு காரியம் செய்தார். தானும் உடன்படித்த சிலரும் வாசிக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு தாள் வைத்துக்கொள்கிறார்கள்: நாள், இடம், பாட்டின் தற்காலிகப் பெயர், யார் எந்த வாத்தியம் வாசித்தது, எந்தப் பகுதியை யார் அமைத்தது, கடைசியில் அங்கிருந்த எல்லோரின் கையொப்பமும். நிறுவனத்திடம் அதைக் காட்டுவதில்லை. படம் எடுத்துத் தங்களுக்குள் சேமித்துக்கொள்கிறார்கள். அதை அவர் என்னிடம் காட்டியபோது முப்பதுக்கு மேற்பட்ட தாள்கள் சேர்ந்திருந்தன. இப்படி ஒரு கட்டுத் தாள் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தார்தேவிலோ அந்தேரியிலோ யாரோ ஒருவர் வைத்திருந்தால் என் ஆய்வேடு இந்நேரம் முடிந்திருக்கும் என்று அவரிடம் சொன்னேன். அவர் அதைப் பாராட்டாக எடுத்துக்கொள்ளவில்லை, எத்தனை ஆண்டுகளாக முடிக்காமல் வைத்திருக்கிறீர்கள் சார் என்று கேட்டார்.

படிப்பில் சேர விரும்புவோருக்குச் சில சொற்கள். கட்டணத்தைக் கேட்குமுன் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். மற்றவர்களோடு சேர்ந்து வாசிக்கவோ பாடவோ வாரத்தில் எத்தனை மணிநேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எந்த மென்பொருள் கற்பிக்கிறார்கள் என்பது அதற்கு அடுத்ததுதான், அது ஐந்தாண்டில் மாறிவிடும். ஏற்கெனவே ஒரு குருவிடம் கற்பவராக இருந்தால், தயாரிப்புப் படிப்புக்காக அதை நிறுத்தவேண்டாம். ஒப்பந்தம் என்ற ஒரு பாடம் இருக்கிறதா, அதை நடத்துபவர் முழு ஒப்பந்தம் ஒன்றையேனும் வகுப்பில் வரிவரியாக வாசிக்கவைக்கிறாரா என்பதையும் விசாரியுங்கள். வேலைவாய்ப்பு பற்றிப் பள்ளிகள் தரும் எண்களைக் கண்டு மயங்கவேண்டாம். முன்னாள் மாணவர் மூவரைத் தேடிப்பிடித்து, கடைசியாகச் செய்த வேலையில் உங்கள் பெயர் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

இசைத்துறைகளில் ஆசிரியராக இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பட்ட வகுப்பில் பதிப்புரிமைச் சட்டமோ ஒலிப்பதிவோ கட்டாயப் பாடமாக இருந்தால், பாடத்திட்டத்தின் படியொன்றை எனக்கு அனுப்பிவைக்கவும். மாணவியின் அனுமதியோடு அந்தத் தாளின் வெற்றுப்படிவத்தை முதல் பின்னூட்டத்தில் இணைத்திருக்கிறேன். இந்தி, ஆங்கிலம் இரண்டிலும் இருக்கிறது. தமிழிலும் வங்காளத்திலும் ஆக்கித்தர முன்வருபவர்கள் எழுதுங்கள்.